பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவே

மேக்ரோ லென்ஸ் வாங்கலாம் என்றிருக்கிறேன், 40ஆ, 60ஆ, 105ஆ என்று யாராவது கேட்டால் நான் பதிலுக்கு ஒன்றைத்தான் கேட்பேன்: "எதைப் படம் புடிக்கப் போறீங்க, அது உங்களை எவ்வளவு கிட்ட விடும்?" கேட்டவர் கொஞ்சம் முழிப்பார். நியாயம்தான். கடைக்காரர் இதைக் கேட்பதில்லை. லென்ஸ் விமர்சனம் எழுதுகிறவர்களும் கூர்மையைப் பற்றி எழுதுவார்கள், பின்னணி எப்படிக் குழைந்து விழுகிறது என்று எழுதுவார்கள். பூச்சியின் சம்மதத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது. சேலத்திலிருந்து லீவு கிடைத்தபோதெல்லாம் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டுக்குப் போகிற எனக்கு இந்தக் கேள்வி காப்பிச் செடிக்கு முன்னால் மண்டியிட்ட பிறகுதான் கிடைத்தது.

சேர்வராயன் மலை மேக்ரோ பைத்தியங்களுக்கென்றே அமைந்த மலை. யானையையும் புலியையும் தேடி யாரும் இங்கே வருவதில்லை. ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கிற முகடு 1,623 மீட்டர். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்து நட்டது தொடங்கி, மலையில் பெரும்பகுதி தோட்டமாகிவிட்டது. மேலே சில்வர் ஓக், பலா, அவற்றைப் பற்றி ஏறிய மிளகுக் கொடி. கீழே அவற்றின் நிழலில் அராபிகா. அந்த நிழலுக்குள் வாழ்வதெல்லாம் சின்ன உயிர்கள்: இலைக்கடியில் தாவும் சிலந்தி, பாசியோடு பாசியாக ஒட்டிக்கிடக்கும் வெட்டுக்கிளிக் குஞ்சு, பட்டை நிறத்திலேயே இருக்கும் விட்டில். இந்த ஊர்ப் பெயரையே தாங்கிய ஒரு பகல்பல்லிகூட உண்டு. 2000ஆம் ஆண்டில் இந்திரனீல் தாஸும் ஆரன் பௌவரும் அதைப் புதிய இனம் என்று விவரித்து, 'நெமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ்' என்று பெயர் வைத்தார்கள். வீட்டுப் பல்லிக்குக் கண்ணின் பாப்பா செங்குத்துக் கீற்றாக இருக்கும். இதற்கு நம்மைப் போல வட்டம். அந்த வட்டம் படத்தில் தெரிய வேண்டும் என்பதுதான் ரொம்ப நாளைக்கு என் ஆசையாக இருந்தது.

இனி கொஞ்சம் கணக்கு. ஒன்றுக்கு ஒன்று என்றால், பூச்சி நிஜத்தில் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகவே சென்ஸாரின் மேல் விழுகிறது. நிக்கானின் சிறிய சென்ஸார் கேமராக்களில் அது 23.5 மில்லிமீட்டர் அகலம். ஆகவே இருபத்து மூன்றரை மில்லிமீட்டர் நீளமான ஒரு புழு சட்டத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வரும். உருப்படியான மேக்ரோ லென்ஸ் பெரும்பாலும் எல்லாமே, 40 ஆனாலும் 60 ஆனாலும் 105 ஆனாலும், இந்த ஒன்றுக்கு ஒன்றைக் கொடுத்துவிடும். பெரிய எண் போட்ட லென்ஸ் பெரிதாகக் காட்டும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர். அது தொலைவில் இருப்பதை இழுக்கும்போதுதான் உண்மை. நெருங்கி எடுப்பதில் எல்லாம் சமம். கூர்மையாக வரும் ஆழமும், ஒரே அளவில் ஒரே துவாரத்தில் எடுத்தால், கிட்டத்தட்ட சமம்தான்.

பிறகு எதற்குப் பணம்? இடைவெளிக்கு. விவரக் குறிப்பில் 'குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம்' என்று அச்சடித்திருப்பது சென்ஸாரிலிருந்து பூச்சி வரைக்குமான தூரம். கேமராவின் உடம்பும் லென்ஸின் நீளமும் அதற்குள்ளேயே அடக்கம். அவை போக மிச்சம் என்னவோ அதுதான் நமக்கு. நிக்கானின் 40 எம்.எம். மைக்ரோவில் அந்தத் தூரம் 16.3 சென்டிமீட்டர். ஒன்றுக்கு ஒன்று வரும்போது லென்ஸின் முகப்புக்கும் பூச்சிக்கும் நடுவே மிஞ்சுவது சுமாராக மூன்றரை சென்டிமீட்டர். அதே நிக்கானின் 105 எம்.எம்.மில் 31.4, மிஞ்சுவது சுமார் 15. வண்டு இரண்டிலும் ஒரே அளவில்தான் பதிகிறது. இரண்டு லென்ஸின் விலைக்கும் நடுவே இருக்கிற அத்தனை ஆயிரத்தில் பெரும்பங்கு, பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வெறும் காற்றுக்கு.

என் முதல் மேக்ரோ அந்த 40தான். வீட்டுக்கு வெள்ளையடிக்கவென்று வைத்திருந்த ஏலச்சீட்டுப் பணத்தில் வாங்கினேன். வெள்ளையடிப்பு அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப்போனது. அதைப் பற்றி வீட்டில் இன்றைக்கும் பேச்சு உண்டு. 235 கிராம் எடை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். வாங்கியதில் எனக்கு வருத்தமே இல்லை. ஓடாத, பறக்காத, பயப்படாத எதற்கும் அது அருமையான லென்ஸ். மழை விட்ட மறுநாள் மட்கிய கட்டையில் வரிசையாக முளைக்கும் காளான், கல்லில் படர்ந்த பாசி, அதன் நுனியில் நிற்கும் நீர்த்துளி, தொட்டியில் பூத்த ஆர்க்கிட். இவற்றுக்கு மட்டும் மேக்ரோ வேண்டும் என்கிறவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே மடித்து வைத்துவிட்டு 40ஐயோ 60ஐயோ வாங்கிக்கொள்ளலாம். மிச்சப் பணத்தில் நல்ல டிரைபாட் வரும்.

காப்பி பூக்கிற சமயம் அந்த லென்ஸோடு நாகலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தேன். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டு, ஒன்பது நாளில் செடியெல்லாம் ஒரே நேரத்தில் வெள்ளையாகிவிடும். மல்லிகை வாசம். கணுவுக்குக் கணு கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஐந்திதழ்ப் பூ, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் சூல்தண்டு, அதன் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவுதான் எனக்கு வேண்டும். மூக்கைக் கொண்டுபோய்ப் பூவுக்குள் வைக்காத குறையாகக் குனிந்திருந்தபோது, களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க தம்பி, பூவ மோந்து பாக்கறீங்களா, போட்டோ புடிக்கறீங்களா?"

"ரெண்டுந்தாங்கம்மா."

"அப்பிடிக் கிட்டப் போனா தேனீ எங்கிருந்து வரும்?"

விமர்சனக் கட்டுரை எதிலும் இல்லாத வாசகம் இது. அதுவரை நானும் தேனீ ஏன் என் செடிக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துச் செடியில் மொய்த்துக்கொண்டிருந்தது. மூன்றரை சென்டிமீட்டரில் லென்ஸ் வைத்தால் பூவுக்கு வாசலே அடைபட்டுவிடுகிறது. தேனீ எந்த வழியாக உள்ளே போகும்?

பல்லி இன்னும் மோசம். பகல்பல்லி வெயில் பட்ட பாறையில் உட்கார்ந்திருக்கும். ஓர் எட்டு தூரத்தில் நாம் அசையாமல் நின்றால் அதுவும் நிற்கும். அரையடிக்குள் போனதும் தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கும். அதற்கும் கிட்ட போனால் பாறை இடுக்குக்குள் வால் மட்டும் தெரியும், அப்புறம் அதுவும் தெரியாது. ஒவ்வொரு உயிருக்கும் இப்படி ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. தாவும் சிலந்தி தாராளம். திரும்பி நின்று நம்மையே முறைக்கும், சில நேரம் லென்ஸின் மேலேயே குதிக்கும். தும்பிக்கு விடியலில் பனி இறக்கையில் இருக்கும்வரை பயமில்லை. வெயில் ஏறினால் ஓரடிக்குள் விடாது. வண்ணத்துப்பூச்சிக்கோ ஒன்றுக்கு ஒன்றே தேவையில்லை. அதன் சிறகு பெரிது, மூன்றில் ஒரு பங்கு அளவில் எடுத்தாலே சட்டம் நிறைந்துவிடும். ஆனால் தூரம் வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் என் விருப்பப் பட்டியலில் பாதிக்கு மேல் இரண்டு விரற்கடையில் நிற்கச் சம்மதிக்காத ஆட்கள் என்று தெரிந்தது.

இடைவெளி பூச்சியின் பயத்துக்கு மட்டுமல்ல, வெளிச்சத்துக்கும்தான். ஏற்காட்டுக்காரர்களுக்கு இது ரொம்ப முக்கியம். காப்பிக்கு மேல் மரநிழல், அதற்கு மேல் மேகம், பல நாள் இரண்டுக்கும் நடுவே மூடுபனி. மேக்ரோ லென்ஸோ வெளிச்சத்தைத் தின்னும் பிராணி. லென்ஸில் எஃப்/2.8 என்று எழுதியிருந்தாலும், ஒன்றுக்கு ஒன்றுக்கு வரும்போது நடைமுறையில் அது எஃப்/5.6 போலத்தான், இரண்டு ஸ்டாப் காணாமல் போய்விடுகிறது. அதன் மேல் நாம் துவாரத்தைச் சுருக்கியாக வேண்டும். எஃப்/8இல் ஒன்றுக்கு ஒன்று எடுத்தால் சிறிய சென்ஸாரில் கூர்மையாக வரும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, சொல்லப்போனால் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். கண் கூராக இருந்தால் மீசை மங்கும். எஃப்/11, எஃப்/16 என்று போனால் ஆழம் கொஞ்சம் கூடும், ஆனால் ஒளி சிறு துவாரத்தில் விரிந்து மொத்தப் படமும் மெதுவாக மழுங்கத் தொடங்கும். ஆகவே ஃபிளாஷ் இல்லாமல் தோட்டத்துக்குள் வேலை நடக்காது. 40 எம்.எம்.மில் ஃபிளாஷ் அடித்தால் கேமராவின் தலைமேல் எழும் குட்டி ஃபிளாஷுக்கும் பூச்சிக்கும் நடுவே லென்ஸே சுவராக நிற்கிறது. படத்தின் கீழ்ப்பாதியில் லென்ஸின் நிழல் வட்டமாக விழும். பதினைந்து சென்டிமீட்டர் இருந்தால் வெளி ஃபிளாஷைச் சாய்த்து வைத்து, அதன் முன்னால் பட்டர் பேப்பரை இரண்டு மடிப்பாகக் கட்டி, வெளிச்சத்தைப் பூச்சியின் முதுகில் இறக்கலாம். என் டிஃப்யூசர் பேக்கரிக்காரர் கொடுத்த பட்டர் பேப்பரும் இரண்டு ரப்பர் பேண்டும்தான். இதற்கென்றே விலைக்கு விற்பதையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அப்படியே 105க்குத் தாவிவிடவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது, கூரியரில் அனுப்புவார்கள். வாரக் கடைசிக்கு அந்த 105ஐ எடுத்துப் பார்த்தேன். கையில் வாங்கியதும் தெரிந்தது எடை: முக்கால் கிலோ அளவுக்கு. காலை முழுக்க மண்டியிட்டுக் கையிலேயே பிடித்திருந்தால் மணிக்கட்டு சொல்லும். இன்னொன்றும் தெரிந்தது. கை நடுக்கத்தைக் குறைக்கும் வசதி என்று இதற்குப் பெரிதாக விளம்பரம் உண்டு. பூச்சி அளவுக்கு நெருங்கியதும் அதன் வீரியம் குறைந்துவிடும். கேனான் தன் 100 எம்.எம். எல் மேக்ரோவைப் பற்றி இதை ஒளிக்காமலே சொல்கிறது: சாதாரணத் தூரத்தில் நான்கு ஸ்டாப், ஒன்றுக்கு ஒன்றில் இரண்டு. அதுவும் நம் கை நடுங்கினால்தான் உதவும். செடி ஆடினால் உதவாது. பகோடா பாயிண்ட் பக்கம் காற்று சும்மா இருக்கிற நேரம் காலையில் சூரியன் மேலே ஏறுவதற்குள் கொஞ்சம், அவ்வளவுதான். காற்றுக்கு மருந்து துணி உலர்த்தும் கிளிப்பும் ஒரு குச்சியும். குச்சியை மண்ணில் ஊன்றி, கிளிப்பால் தண்டைப் பிடித்துவிட்டால் பாதி ஆட்டம் நின்றுவிடும். இதற்கு ஆகிற செலவைக் கணக்கில் எழுதவும் கூசும்.

ஆனால் பின்னணி விஷயத்தில் 105 என்னை வாய்பிளக்க வைத்தது. பூ ஒரே அளவுதான், ஆழமும் ஒன்றுதான். பின்னால் தெரிகிற உலகம் மட்டும் சுருங்கிவிட்டது. 40இல் எடுத்தபோது பூவுக்குப் பின்னால் இரண்டு சில்வர் ஓக், ஒரு வேலி, யாரோ கொம்பில் மாட்டிவிட்டுப் போன சாப்பாட்டுப் பை எல்லாம் மங்கலாக வந்து நின்றன. நீண்ட லென்ஸ் பின்புறத்தில் ஒரு சின்னத் துண்டை மட்டுமே பார்க்கிறது. ஓரங்குலம் இந்தப் பக்கம் நகர்ந்தால் முழுக்கப் பச்சை, அந்தப் பக்கம் நகர்ந்தால் முழுக்கக் கறுப்பு. தோட்டம் போன்ற குப்பையும் கூளமுமான இடத்தில் இது பெரிய வரம்.

கடைசியில் வாங்கியது 105 அல்ல. பழைய டாம்ரான் 90 எம்.எம்., செகண்ட் ஹேண்டில். 1979இலிருந்து டாம்ரான் இந்த 90ஐ மாற்றி மாற்றிச் செய்துகொண்டு வருகிறது. என்னுடையது 272இ என்று குறிக்கிற தலைமுறை, 400 கிராம்தான். ஒன்றுக்கு ஒன்றில் முகப்புக் குழாய் வெளியே நீளும், ஆனாலும் பூச்சிக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு மிச்சம் வைக்கும். இதில் நிக்கானுக்கு இரண்டு வகை உண்டு. முதலில் வந்ததில் ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள் கிடையாது. பிறகு நிக்கானுக்காக மோட்டார் வைத்துச் செய்தார்கள். நிக்கானின் டி3000, டி5000 வரிசை கேமராக்களின் உடம்பிலும் மோட்டார் இல்லை. இரண்டையும் சேர்த்தால் ஆட்டோஃபோகஸ் வராது. விற்கிறவர் இதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, நாம்தான் கேட்க வேண்டும். என் கேமரா அந்த வரிசைதான். நான் தெரிந்தேதான் மோட்டார் இல்லாததை வாங்கினேன், விலை கணிசமாகக் குறைவு என்பதால். மேக்ரோவில் ஆட்டோஃபோகஸ் இருந்தும் பயனில்லை; அது முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருப்பதற்குள் சிலந்தி குடும்பத்தோடு குடிபெயர்ந்துவிடும். வளையத்தை ஒன்றுக்கு ஒன்றில் நிறுத்திவிட்டு, உடம்பை மெல்ல முன்னே சாய்த்து, கண்ணில் பளிச்சென்று வரும் கணத்தில் அழுத்துவதுதான் வழி. நாற்பது வயதைத் தாண்டி மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு இது சிரமம், எனக்கும் சிரமம்தான். மிரர்லெஸ் கேமராக்களில் கூராக இருக்கும் விளிம்பைச் சிவப்பாகக் காட்டும் வசதி இருப்பதைப் பார்த்து எனக்குப் பொறாமை உண்டு.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் கையில் ஒரு டார்ச் கொண்டுபோக வேண்டும். பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் விட்டு முன்பக்கமாகப் பார்த்தால், உள்ளே சிலந்தி நூல் மாதிரிக் கிளை பிரிந்து தெரிவது பூஞ்சணம். அது இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். தூசி இருந்தால் பரவாயில்லை. துவாரத்தின் தகடுகளில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கக் கூடாது. நிக்கான் தன் மேக்ரோ லென்ஸ்களில் 'மைக்ரோ' என்றுதான் எழுதும், தேடும்போது அதையும் போட்டுத் தேடுங்கள். மாறாக, 70-300 போன்ற ஜூம்களில் 'மேக்ரோ' என்று எழுதியிருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலும் பாதி அளவுக்கோ அதற்கும் கீழோதான் வரும். வண்ணத்துப்பூச்சிக்கு அது போதும், அதற்கு மட்டும்.

90 வந்த பிறகு பல்லியின் வட்டக் கண் கிடைத்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாறையின் மேல் வயிற்றால் படுத்தேன், அது சாய்த்த தலையைத் திருப்பவில்லை, எடுத்தேன். சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு வந்த வண்டைப் பற்றி.

அதே நாகலூர்த் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருநாள் ஒரு கைப்பிடி காப்பிக் காயைக் கொண்டுவந்து நீட்டினார். "ண்ணா, இந்த போரரை ஒரு படம் புடிச்சுக் குடுங்க. ஆளுங்களுக்குக் காட்டணும். ஓட்டைதான் தெரியுது, பூச்சி எப்பிடி இருக்கும்னு யாருக்கும் தெரியல." காப்பிக் காய் துளைப்பான். ஆப்பிரிக்காவிலிருந்து உலகமெல்லாம் பரவி, இந்தியாவில் 1990இல் நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கம் முதலில் பிடிபட்ட பூச்சி. பெண் வண்டு காயின் கொப்பூழில் குண்டூசி நுழைகிற அளவுக்குத் துளைபோட்டு உள்ளே போய், கொட்டைக்குள்ளேயே முட்டையிட்டுக் குடும்பம் நடத்தும். பறிப்பு முடிந்த பிறகு செடியில் தங்கிய காயும் தரையில் சிந்திய காயும்தான் அடுத்த பருவத்துக்கு அதன் வீடு. அதனால்தான் கடைசிக் காய்வரை பொறுக்கச் சொல்லித் தோட்டக்காரர்கள் ஆட்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். அந்த வண்டின் நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்தான், ஒரு ரவைக் குருணை அளவு.

காயைப் பிளேடால் பிளந்து வண்டை வெள்ளைத் தாளில் விட்டு 90ஐ வைத்தேன். ஒன்றுக்கு ஒன்றில் அது சென்ஸாரின் அகலத்தில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. சட்டத்தின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. இங்கே இடைவெளி பிரச்சினையே இல்லை, வண்டு ஓடாது, சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருந்தது. வேண்டியது பெருக்கம். அதற்கென்றே கேனான் 1999இல் எம்.பி-இ 65 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒன்றிலிருந்து ஐந்து மடங்குவரை பெருக்கும், வேறு எதற்கும் உதவாது, கேனானில் மட்டும் பொருந்தும். லாவா 100 எம்.எம். இரண்டு மடங்கு கொடுக்கும். வாங்குகிற யோசனையே வரவில்லை. சீட்டு அந்த வருஷம் எனக்கு விழவில்லை.

மலிவு வழிகள் மூன்று என் பையில் இருந்தன. ஒன்று, நீட்டுக் குழாய்: கண்ணாடி ஏதும் இல்லாத வெறும் வளையம், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டுவது. 50 எம்.எம். லென்ஸுக்குப் பின்னால் 50 எம்.எம். குழாய் போட்டால் ஒன்றுக்கு ஒன்று வந்துவிடும், கணக்கு அவ்வளவுதான். கூடவே வெளிச்சமும் குறையும். இன்னொன்று, லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டும் வளையம். இதில் எந்த லென்ஸைத் திருப்பினாலும் இடைவெளி ஏறக்குறைய நான்கரை சென்டிமீட்டரிலேயே நிற்கும், நிக்கானின் அமைப்பு அப்படி. துவாரத்தைக் கையால் திருப்ப வளையம் உள்ள பழைய லென்ஸ் வேண்டும். புதியதைத் திருப்பினால் துவாரம் மூடிக்கொள்ளும். மூன்றாவது ரேனாக்ஸ் 250 என்கிற, லென்ஸின் முகத்தில் கவ்விக்கொள்ளும் சிறிய கண்ணாடி. நண்பருடையது, இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்க மறந்தது. 8 டயாப்டர், அதாவது 125 மில்லிமீட்டர் குவிதூரம். 250 எம்.எம்.வரை போகும் சாதாரண ஜூமில் இதை மாட்டினால் 250ஐ 125ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு மடங்கு. ஜூமை எவ்வளவு நீட்டினாலும் பூச்சிக்கு விட்டுவைக்கும் இடைவெளி அதே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான். இவ்வளவு குறைந்த செலவில் பெருக்கமும் இடைவெளியும் சேர்ந்து கிடைப்பது எனக்குத் தெரிந்து வேறு எதிலும் இல்லை. ஓரங்கள் கொஞ்சம் மழுங்கும். வண்டு நடுவில்தானே இருக்கப்போகிறது.

அந்த இரண்டு மடங்கில், எஃப்/8இல், கூராக வருவது கால் மில்லிமீட்டர். மூச்சை உள்ளே இழுத்தால் வண்டின் தலை, வெளியே விட்டால் வால். படம் கிடைத்தபோது அதன் முதுகில் வரிசை வரிசையாகக் குட்டையான மயிர்கள் நிற்பது தெரிந்தது. ரைட்டர் அதைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு, ஆட்கள் பேர் கொடுக்கிற இடத்தில் ஒட்டிவைத்தார். பார்த்த எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "இவ்வளவு பெருசா?" அளவு தெரிய பக்கத்தில் ஓர் அரிசியையாவது வைத்து எடுத்திருக்கலாம்.

காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணன் பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கென்று ஒரு கேமராவைக் கட்டிக்கொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். கவ்வு கண்ணாடியும் பட்டர் பேப்பருமாக நான் தோட்டத்தில் நிற்கும்போது அவர் ஞாபகம் வந்து கொஞ்சம் தைரியம் தரும். அவர் எடுத்தது யானையை என்பது வேறு விஷயம்.

ஆர்க்கிட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1963இலிருந்து இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் ஏற்காட்டில் இருக்கிறது. பூச்சி தின்னும் குடுவைச் செடியையும் அங்கே பார்க்கலாம். ஆர்க்கிட் என்றதும் கையகலப் பூவை நினைத்துக்கொண்டு போகிறவர்கள் ஓபெரோனியாவைப் பார்த்து ஏமாந்துவிடுவார்கள். எலிவால் போலத் தொங்கும் பூந்தண்டில் ஒவ்வொரு பூவும் ஓரிரு மில்லிமீட்டர். வெறும் கண்ணுக்குத் தூள். இரண்டு மடங்கில் பார்த்தால் இதழும் உதடுமாக முழு ஆர்க்கிட். 40ஐ நான் இன்னும் விற்காமலும் ரேனாக்ஸைத் திருப்பிக் கொடுக்காமலும் வைத்திருப்பதற்கு இந்தச் செடியும் ஒரு காரணம்.

போனிலேயே எடுத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: எடுக்கலாம். 2021க்குப் பிறகு வந்த விலையுயர்ந்த போன்கள் நன்றாகவே எடுக்கின்றன. ஆனால் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குப் போகச் சொல்லும். அந்த அம்மா கேட்ட கேள்வி போனுக்கும் பொருந்தும்.

ஏற்காட்டுக்காரர்களும் அங்கே அடிக்கடி போகிறவர்களும் பூஞ்சணத்துக்குத்தான் பயப்பட வேண்டும். மழைக்காலத்தில் துணியே காயாத ஊரில் லென்ஸைத் தோல் பையில் பூட்டி அலமாரியில் வைத்தால் அதற்குள் தோட்டம் போட்டுவிடும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி, அதில் நாற்பதிலிருந்து ஐம்பதுக்குள். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் வாணலியில் மிதமான சூட்டில் வறட்டினால் மறுபடி நீலமாகும். சமையலுக்கு ஆகாத பழைய வாணலியாக இருக்கட்டும். மலையில் குளிர்ந்த லென்ஸைச் சேலம் வந்து இறங்கியதும் திறக்காதீர்கள், கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும். பையை மூடியபடியே அரைமணி நேரம் விட்டுவிடுங்கள்.

கேட்டவர்களுக்கு என் தீர்ப்பு இதுதான். சேர்வராயன் மலைக்கு ஒரே ஒரு மேக்ரோ என்றால் 90இலிருந்து 105க்குள், பழையதானாலும் சரி, ஆட்டோஃபோகஸ் இல்லாவிட்டாலும் சரி. மிச்சப் பணம் வெளி ஃபிளாஷுக்கு. ஜூம் ஏற்கெனவே கையில் இருந்தால் முதலில் கவ்வு கண்ணாடியை மட்டும் வாங்கி ஒரு பருவம் எடுத்துப் பாருங்கள். உங்கள் பூச்சி எவ்வளவு பெரிது, எவ்வளவு கிட்ட விடும் என்று அதுவே சொல்லிவிடும். 40 பூவுக்கும் காளானுக்கும். 150, 180 எல்லாம் இந்த நிழலில் கையில் பிடித்து எடுக்க எனக்குத் தோதுப்படவில்லை, தும்பி ஒன்றே குறியாக இருப்பவர்கள் வேண்டுமானால் பார்க்கலாம்.

போகும்போது இரண்டு வேண்டுகோள். தோட்டங்கள் தனியார் சொத்து. ரைட்டரிடமோ மேஸ்திரியிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நுழையுங்கள், பெரும்பாலும் காப்பியும் கிடைக்கும். பூச்சியை டப்பாவில் பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்து மந்தமாக்குவது, ஆர்க்கிட்டைக் கொம்போடு ஒடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது இரண்டையும் செய்யாதீர்கள். மே மாதக் கோடை விழாவின்போது கீழேயிருந்து மேலேவரை வண்டிகளாக நிற்கும், அப்போது வேண்டாம். மழை விட்டுவிட்டுப் பெய்யும் செப்டம்பர், அக்டோபர் பூச்சிக்கு நல்ல காலம். காப்பிப் பூ வேண்டுமென்றால், மார்ச்சில் மலையில் மழை என்று காதில் விழுந்த எட்டாம் நாள் வண்டியை எடுத்துவிடுங்கள். பூத்தால் மூன்று நான்கு நாள்தான் நிற்கும்.